நாற்பத்தோராம் எண் செடி

நோபுயோவிடம் யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்ததில்லை. கேட்கலாமா என்று அவர்கள் யோசிக்கும்போதே அந்தப் பொருள் கைக்கு வந்து சேர்ந்திருக்கும்.

கிரிஷிமா மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் சமையற்கட்டில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். உடற்பயிற்சி ஆசிரியரின் தட்டு இரண்டு நாள் பாதிச் சோற்றோடு திரும்பி வந்தது. மூன்றாம் நாள் அவருக்கு மட்டும் கஞ்சி போயிற்று. தன் வயிற்றுப் புண்ணைப் பற்றி அவர் மனைவியிடம்கூட அப்போது சொல்லியிருக்கவில்லை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த ஆறு வருடமும் தலைமாட்டில் ஒரு பித்தளை மணி இருந்தது. "ஒரு தடவையாவது அடிச்சுப் பாக்கணும்னு ஆசை, இவ விட்டாத்தானே" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கிழவி குறைப்பட்டுக்கொள்வாள். கணவர் தெருவோவுக்கு 'டீ' என்ற சொல் இன்னும் நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம்.

ஊரில் இதற்கு நல்ல பெயர்தான். அடுத்தவர் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து நடப்பவள் என்பார்கள். ஓய்வு பெற்ற அன்று தலைமையாசிரியர் மேடையில் நின்று அதைத்தான் சொன்னார். நோபுயோ வெட்கப்பட்டுத் தலை குனிந்தாள். அது இனிப்பான வெட்கம். மற்ற வகை வெட்கம் அறுபத்தேழாம் வயதில்தான் வந்தது.

ஓய்வுப் பணத்தில் தனக்கென்று அவள் வாங்கிய ஒரே பொருள் ஒரு காமிரா. ஏன் காமிரா என்று கேட்டவர்களுக்கு, "சும்மா, பொழுதுபோக்கு" என்றாள். உண்மையில், ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு அந்தச் சின்ன ஜன்னலுக்குள் பார்க்கும்போது அங்கே யாருக்கும் அவளிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கல் இருக்கும், ஒரு செடி இருக்கும், தூரத்தில் எரிமலை ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அவை பாட்டுக்கு இருக்கும்.

ஊர்ச் சமூகக்கூடத்தில் ஒரு புகைப்படக் குழு இருந்தது. ஒன்பது பேர், எல்லாரும் வேலையை விட்டவர்கள். நடத்துகிறவர் அரிமுரா. உயர்நிலைப்பள்ளியில் வேதியியல் சொல்லித்தந்தவர், எழுபத்து நாலு வயது. எல்லாரும் அவரை சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள். 'ஆசிரியர்' என்று பொருள்பட்டாலும் அதில் கொஞ்சம் கும்பிடும் கலந்திருக்கிறது. குழுவில் கடைசியாகச் சேர்ந்தவள் நோபுயோ. அதனால் மலையேறும் நாட்களில் பார்லித் தேநீர்க் குடுவையைச் சுமப்பதும், லென்ஸ் துடைக்கும் துணியை நீட்டுவதும், நல்ல இடத்தை முன்கூட்டியே போய்ப் பிடித்துவைப்பதும் அவள் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை.

ஜூன் முதல் ஞாயிறு. நகாதகே மலைச் சரிவில் மியாமா-கிரிஷிமா பூக்கும் காலம். முழங்கால் உயரக் குள்ள அசேலியாப் புதர் அது. எரிமலைச் சாம்பலிலும் கந்தக நெடியிலும் வேறெதுவும் பிழைக்காத இடத்தில் ரோஜா நிறத்தில் பூத்துக் கிடக்கும். ஐந்து வருடம் முன்னால் பக்கத்துச் சிகரமான ஷின்மொயே வெடித்துச் சாம்பலைக் கொட்டியபோது பாதிச் சரிவு கருகிவிட்டது. இப்போதுதான் திட்டுத் திட்டாகத் திரும்பிவந்துகொண்டிருந்தது.

பாதை முடியும் இடத்தில் ஒரு பாறை மேடை. கீழே பூச்சரிவு, நடுவில் ஷின்மொயேயின் உடைந்த விளிம்பும் வெள்ளை ஆவியும், பின்னால் கரகுனி மலை. மூன்றும் ஒரே சட்டத்துக்குள் விழுவது அந்த ஒரு மேடையிலிருந்துதான். வருகிறவர்கள் காமிரா முக்காலியோடு வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் நாலாவது நிமிடம் எடுத்தவரும் இல்லை.

நோபுயோ ஆறு மணிக்கே போய் இடம் பிடித்துவிட்டாள். மற்றவர்கள் மூச்சு வாங்கியபடி மேலே வருவதற்குள் அவளும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். மேடைக்கு வலப்பக்கம், கயிற்று வேலியை ஒட்டி ஒரு செடி. பெரும்பாலும் காய்ந்த சுள்ளி. ஒரே ஒரு கிளை மட்டும் கிழக்கே நீண்டு, இருக்கிற பூவையெல்லாம் தானே வாங்கிக்கொண்டதுபோல் பூத்திருந்தது. அவள் அந்தக் கிளையைக் குறிவைத்துத் தெளிவாக்கினாள். எரிமலை பின்னால் மங்கலாகப் போயிற்று. மலைதான் முக்கியம், மற்றதெல்லாம் துணை என்பது சென்செய் சொல்லித்தந்த முதல் பாடம். அதனால் அந்தப் படத்தை யாருக்கும் காட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஆனாலும் திரையில் அதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

அரிமுரா வந்து முக்காலியை ஊன்றிக் குனிந்தார். பின்னால் பதினாலு பேர். கீழிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரத்தில் எல்லாம் மூடிவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"இந்தக் கிளை..." என்றார் அரிமுரா. அதற்கு மேல் சொல்லவில்லை. பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்தார். முக்காலியை இடப்பக்கம் நகர்த்தப் பார்த்தார். அங்கே பள்ளம். நிமிர்ந்து, வரிசையைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார். மன்னிப்புக் கேட்கிற தாழ்த்தல். வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் கையை இறக்கினார்.

அவ்வளவுதான். சமையற்கட்டில் ஜன்னலைச் சாத்தப் போவதுபோல நோபுயோவின் கால் முன்னால் போயிற்று. கயிற்றுக்கு மேலாகக் குனிந்தாள். கிளையின் அடியில் எண் பொறித்த சின்ன அலுமினியத் தகடு ஒன்று கட்டியிருந்தது. கண் அதைப் பார்த்தது, கை நிற்கவில்லை.

முருங்கைக்காய் ஒடிகிற சத்தம்கூட இல்லை. சின்னதாக ஒரு 'டக்'.

அரிமுரா திரும்பக் காமிரா ஜன்னலுக்குள் குனிந்து, "ம். இப்ப சரி" என்றார். யாரிடமும் அல்ல, மலையிடம் சொல்வதுபோல. அவர் எடுத்தார். குழுவில் எல்லாரும் எடுத்தார்கள். வரிசையில் நின்ற பதினாலு பேரும் ஆளுக்கு அரை நிமிடமாக, பனி மூடுவதற்குள் எடுத்துவிட்டார்கள். இறங்கும்போது சிலர் நோபுயோவுக்குத் தலை தாழ்த்தி நன்றி சொன்னார்கள். ஒடித்த கிளை இன்னும் அவள் கையில் இருந்தது.

மதியம் எரிமலைக் கற்களின் மேல் உட்கார்ந்து சோற்று உருண்டைகளைப் பிரித்தார்கள். இட்சுகோ வழக்கம்போல அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எழுபது வயது, மீன் கடை வைத்திருந்தவள், குரலும் மீன்கடைக் குரல்தான்.

"சென்செய், உங்க படத்துல என் தொப்பி விழுந்திருந்தா சொல்லுங்க, அதுக்கும் ஒரு பரிசு குடுப்பாங்க."

"தொப்பி விழல, உங்க நிழல் விழுந்துச்சு. அதான் பாதி மலை காணோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நோபுயோவும் சிரித்தாள். கிளையை அதற்குள் சோறு சுற்றி வந்த செய்தித்தாளில் சுருட்டிப் பைக்குள் வைத்திருந்தாள். எறிந்துவிட்டிருக்கலாம். எங்கே எறிந்தாலும் எட்டுப் பேர் கண்ணில் படும்.

வீட்டில் அதை ஊறுகாய்ச் சாடியில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். தெருவோ, "எங்க வாங்கின?" என்றார். அவள் சாடியை மேசைக்கு நடுவில் நகர்த்தினாள். கேட்காமலே எல்லாம் கிடைத்துப் பழகியவர், பதிலுக்கும் காத்திருக்கவில்லை. நாலு நாள் பூ இருந்தது. ஐந்தாம் நாள் மேசை முழுக்க உதிர்ந்தது. எரிக்கும் குப்பை போடும் வெள்ளிக்கிழமை வந்தபோது கிளையைத் துண்டு துண்டாக வெட்டினாள். நகராட்சிப் பை கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பது தெரியும், மேலே வீட்டுப் பெயரை எழுதித்தான் வைக்க வேண்டும். கிளையை இரண்டு செய்தித்தாளில் சுற்றி, மீன் முள்ளுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவில் செருகிவிட்டு, பைமேல் 'உச்சிமுரா' என்று எழுதினாள். எழுதும்போது கை கூசியது. முப்பது வருடமாக எழுதுகிற பெயர்தான்.

ஜூன் மூன்றாம் சனிக்கிழமை குழு கூடியது. அரிமுராவின் படம் பெரிதாக அச்சாகி மேசைமேல் கிடந்தது. மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்ப மாதக் கடைசிவரை நேரம் இருந்தது. பூவும் விளிம்பும் ஆவியும் கரகுனியும், எதுவும் எதையும் மறைக்காமல். எல்லாரும் குனிந்து பார்த்து "அடேயப்பா" என்றார்கள்.

இட்சுகோதான் ஆரம்பித்தாள். வேண்டுமென்று இல்லை, அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"நேத்து மலைமேல பூங்காத் தகவல் நிலையத்துக்குப் போனேன். பலகையில ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. நாற்பத்தோராம் எண் செடியோட கிழக்குக் கிளை முறிஞ்சு போச்சாம். முறியறதுக்கு முன்னால எடுத்த படம் யார்கிட்டயாவது இருந்தா தயவுசெஞ்சு குடுங்கன்னு."

"யாரு எழுதினது?"

"குரோகின்னு ஒருத்தர். மரக்கடையில வேலை, லீவு நாள்ல செடி எண்ணுறாரு. சாம்பல் விழுந்ததுலேர்ந்து நூறு செடிக்கு நம்பர் கட்டி வருஷா வருஷம் பூவை எண்ணுறாராம். அந்தச் செடி அஞ்சு வருஷம் கழிச்சு இந்த வருஷந்தான் மொத மொதல்ல பூத்துச்சாம். அதுவும் அந்த ஒரு கிளைதானாம். எண்ணறதுக்குள்ள..."

இட்சுகோ அங்கே நிறுத்திக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும்.

"காத்தா இருக்கும்," என்றார் ஒருவர்.

"வெளிநாட்டுக்காரங்க வராங்கல்ல இப்பல்லாம். அவங்களுக்குக் கயிறு கட்டியிருந்தா என்ன, கட்டாட்டி என்ன."

"ஆமா, ஆமா."

ஒருவரும் நோபுயோவின் பக்கம் பார்க்கவில்லை. எட்டுப் பேரும் பார்வையை மேசையிலும் ஜன்னலிலும் தேநீர்க் கோப்பையிலும் பத்திரமாக வைத்திருந்தார்கள். அது அவளுக்குச் செய்கிற உபகாரம். அவளும் மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை இப்படிப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். அதைப் பெற்றுக்கொள்வது இப்படி உடம்பெல்லாம் எரியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இனி எந்த ஊர்க்காரனோ, வந்திருக்கவே இல்லாத ஒருவன், அந்தக் கிளையை ஒடித்தவனாக ஆகிவிடுவான்.

"என்கிட்ட இருக்கு," என்றாள். "கிளையோட எடுத்த படம். நான் குடுத்துடறேன்."

அரிமுரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உச்சிமுரா-சான், யோசிச்சுச் சொல்லுங்க. உங்க படத்துல நேரம் பதிஞ்சிருக்கும். என் படத்துலயும் இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சா அஞ்சாறு நிமிஷம் வித்தியாசம்."

"தெரியும் சென்செய்."

"நம்ம குழுப் பேரு அடிபடும்."

"ஆமாங்க."

"நான் ஒடிக்கச் சொன்னேனா?" அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது.

"இல்ல சென்செய். நீங்க சொல்லவே இல்ல."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அது உண்மை என்பதால் சொன்னாள். அவர் சொல்லவே இல்லை. எந்த நாளும் யாரும் சொன்னதில்லை. ஆனால் அரிமுராவின் முகம் சிவந்தது. அச்செடுத்த படத்தை அவர் மெல்லச் சுருட்டி உறைக்குள் போட்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது இட்சுகோ அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"லூசா நீ? விடு நோபு. நாங்க யாரும் ஒண்ணும் பாக்கல."

"பாத்தீங்க அக்கா."

"பாக்கலன்னு சொல்றேன்ல! எட்டுப் பேரு பாக்கலன்னா பாக்கலதான். நீ போய் ஒத்துக்கிட்டா, நாங்க எல்லாம் வேடிக்கை பாத்துட்டு அதே எடத்துலேர்ந்து படம் எடுத்தோம்னு ஆகும். ஆகுமா ஆகாதா?"

"ஆகும்."

"அப்புறம்?"

நோபுயோ குனிந்து ஒரு செருப்பை மாட்டினாள். இட்சுகோ கையை விட்டுவிட்டுக் குடையை விரித்தாள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. அவள் போன பிறகும் நோபுயோ ஒரு காலில் செருப்போடு நின்றாள். ஒருத்தி வெட்கப்பட்டால் போதும் என்று நினைத்திருந்தாள். இப்போது மற்ற எட்டுப் பேரையும் இழுத்துவிடப் போகிறாள். அடுத்தவர் மனசைப் பார்த்து நடப்பவள் என்று பேரெடுத்தவள், எட்டுப் பேர் மனசும் தெளிவாகத் தெரிந்தும் அதற்கு மாறாக நடப்பது இதுதான் முதல் தடவை.

மறுநாள் ஞாயிறு. மன்னிப்புக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. கடையில் கருகான் ஒரு பெட்டி வாங்கினாள். மலைக்கிழங்கு மாவில் வேகவைத்த வெள்ளை இனிப்பு. கடைக்காரி, "பரிசுக்கா, சடங்குக்கா, மேலே என்ன காகிதம் சுத்த?" என்றாள். "சும்மா சுத்துங்க" என்றாள் நோபுயோ.

குரோகிக்கு நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். மழைச்சட்டையில், தகவல் நிலையத்துக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து காலணியில் ஒட்டிய சேற்றைச் சுள்ளியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, பெஞ்சின் மேல் வைத்தார். திறக்கவில்லை. ஏற்றுக்கொண்டாரா, வைத்துவிட்டுப் போகச் சொல்கிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. யார் முகத்தையும் படித்துவிடும் அவளுக்கு அன்றைக்கு ஒரு எழுத்தும் ஓடவில்லை.

படத்தை நீட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா எடுத்திருக்கீங்க. கிளையை இவ்வளவு கிட்டக்கத் தெளிவா யாரும் எடுக்கல. ரெண்டு பேரு குடுத்தாங்க, ரெண்டுலயும் ஓரத்துல ரோஸா ஒரு தீற்றல்தான்."

"அது வந்து..."

"ரொம்ப நன்றிங்க. எண்ணிடலாம் இதுல." ஒரு அட்டையில் செருகிய படிவத்தை எடுத்தார். அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, அவசரமாகப் பார்வையைப் படிவத்துக்குக் கொண்டுபோனார். "அந்த வாரம் காத்தும் பலம்தான். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. காத்துன்னு போட்டுடறேன்."

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் கதவைத் திறந்துவிடுகிறார். நோபுயோ செய்ய வேண்டியது ஒன்றுதான். தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, 'ஆமாங்க, அன்னைக்கு நல்ல காத்து' என்று சொல்லிவிட்டால் போதும். எட்டுப் பேரும் பிழைப்பார்கள். இவருக்கும் சங்கடம் இல்லை. எல்லாரும் விரும்புவது அதுதான் என்பது பளிச்சென்று தெரிந்தது, அன்றைக்கு மேடையில் தெரிந்ததைப் போலவே. தலை தானாகத் தாழப் பார்த்தது.

"காத்து இல்லீங்க," என்றாள். "நான்தான் ஒடிச்சேன். கையால. தகடு கட்டியிருந்ததைப் பாத்துட்டுத்தான் ஒடிச்சேன்."

குரோகியின் பேனா நின்றது. அவர்தான் குற்றம் செய்துவிட்டவர்போலக் காதுவரை சிவந்தார். மன்னிப்பு வார்த்தைகளை அவள் பஸ்ஸில் வரும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. இடுப்பிலிருந்து குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். அவள் மழைச்சட்டையின் தலைமூடியிலிருந்து சொட்டுகள் காலணிமேல் விழுந்தன.

"ஏங்க ஒடிச்சீங்க?" என்றார் குரோகி கடைசியில்.

"படத்துல மறைச்சுச்சு."

"உங்க படத்துல மறைக்கலையே."

வேறு ஒருவர் படத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது சொல்லக் கூடாது என்பதற்காக இல்லை, சொன்னாலும் கை அவளுடையதுதான்.

குரோகி அந்தக் காரணக் கட்டத்தில் 'மனிதக் கை' என்று எழுதினார்.

"என் பேரை எழுதுங்க."

"பேருக்கு இதுல இடம் இல்லீங்க." மன்னிப்பாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. படிவம் அப்படித்தான். எழுதியிருந்தால் அந்த வெட்கமும் எங்கேயாவது ஒரு அலமாரியில் போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது அவளோடுதான் வீட்டுக்கு வரும்.

"மேல வர்றீங்களா?" என்றார். "அடிக்கட்டையோட நீளம் அளக்கணும். தனியா அளந்தா நாடா நழுவுது."

பெட்டியை பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஏறினார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். செடியில் இப்போது ஒரு பூவும் இல்லை. ஒடிந்த இடம் பழுப்பேறிக் காய்ந்திருந்தது. நாடாவின் நுனியை அவள் அதன்மேல் அழுத்திப் பிடித்தாள். பதினொரு சென்டிமீட்டர்.

பிறகு குரோகி படத்தை அவளிடமே கொடுத்து, "நீங்க எண்ணிச் சொல்லுங்க, நான் எழுதறேன். விரிஞ்சது தனியா, மொட்டு தனியா" என்றார். பாறையில் உட்கார்ந்து படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று சத்தமாகத்தான் தொடங்கினாள். இருபதைத் தாண்டும்போது கீழிருந்து மலையேறுகிறவர்கள் சிலர் முக்காலியோடு வந்து சேர்ந்தார்கள். மழையிலும் வருகிறவர்கள். வழி மறித்து உட்கார்ந்திருக்கும் இருவரையும், கயிற்றுக்குள் இருக்கும் ஒடிந்த செடியையும், அவள் கையிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் குரல் அடங்கிக்கொண்டே போய் முணுமுணுப்பாயிற்று.

"கேக்கலீங்க," என்றார் குரோகி, தலையைத் தூக்காமல். "சத்தமாச் சொல்லுங்க."

நோபுயோவின் கழுத்தும் காதும் சுட்டன. வந்தவர்கள் நகரவில்லை. விரலைப் படத்தில் விட்ட இடத்தில் வைத்து, அடுத்த பூவுக்கு நகர்த்தினாள்.

"இருபத்தாறு," என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. "இருபத்தேழு."